மேல்தண்ணீர்

என் வீட்டுத் தோசைக்கல்லில் மாவு விழுந்ததும் ஆவியோடு பெட்ரோல் வாசம் எழுந்தது.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. என் மனைவி வைஜெயந்தி அடுப்பருகே நின்றிருந்தாள். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு யாராவது இருந்தால் சிலிண்டர் கசிகிறதோ என்று குனிந்து பார்த்திருப்பார்கள். எனக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை. இரண்டரை வருடமாகப் பெட்ரோல் கலந்த தண்ணீரை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த வாசம் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது.

என் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். புரோத்ராபூரில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. பெயர் வேண்டாம். அதன் நிலத்தடித் தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்து எத்தனை மாதம் ஒழுகியதோ தெரியாது. 2022 மழைக்காலத்தில் பங்குக்குக் கீழ்ப்புறம் இருந்த நாலு வீட்டுக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. பங்கை மூடினார்கள், தொட்டியைத் தோண்டி எடுத்தார்கள். பூமிக்குள் குழாய் இறக்கிக் காற்று ஊதிச் சுத்தம் செய்கிற வேலையை மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு கம்பெனியிடம் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனிக்குப் போர்ட் பிளேரில் இருக்கிற ஒரே ஆள் ஈஸ்வரன், அதாவது நான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நாலு கிணற்றிலும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, விமானத்தில் சென்னை லேபுக்கு அனுப்புவேன். பெட்ரோலில் இருக்கிற விஷமான பென்சீன் அதில் எவ்வளவு என்று ஒரு எண் வரும். அதை வரைபடத்தில் புள்ளியாக வைத்துக் கோடு போடுவேன். கோடு இறங்க வேண்டும். அதற்குத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள்.

கோடு இறங்கவும் செய்தது, முக்கியமாக அந்த நாலில் ஒன்றான ஒச்சம்மா வீட்டுக் கிணற்றில். அறுநூற்று நாற்பதில் தொடங்கி, இருநூறு, எழுபது, இருபத்திரண்டு என்று படியிறங்கி வந்து, கடைசி இரண்டு முறை நாலிலும் மூன்றிலும் நின்றது. ஐந்துக்குக் கீழே இரண்டு முறை வந்தால் கிணறு தேறியது என்று திட்டத்தில் எழுதியிருந்தது. பங்குக்கு மிக அருகில் இருந்த கிணறுதான் நாலில் முதலாவதாகத் தேறியது. மற்ற மூன்றும் இன்னும் எழுபதிலும் எண்பதிலும் இழுத்துக்கொண்டிருந்தன. இது எப்படி என்று கேட்க வேண்டியவன் நான். கேட்கவில்லை. காற்று ஊதும் குழாய் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருப்பதால் சீக்கிரம் சுத்தமாகிவிட்டது என்று நானே ஒரு காரணம் எழுதி ஒட்டினேன். கூட்டத்தில் அந்தக் கோட்டைத் திரையில் காட்டியபோது கை தட்டினார்கள். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

கிணறு கெட்டதிலிருந்து நாலு வீட்டுக்கும் வந்துகொண்டிருந்த தண்ணீர் டேங்கரை, ஜனவரியில் ஒச்சம்மா வீட்டுக்கு மட்டும் நிறுத்தினார்கள். இனிமேல் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கலாம், சமைக்கலாம் என்று சொல்ல நான்தான் போனேன். அந்தம்மா கொஞ்சம் தயங்கியது போல இருந்தது. உடனே எனக்கு வீரம் வந்துவிட்டது. வாளியில் ஒரு இறைப்பு இறைத்து, அவர்கள் கண்ணெதிரே ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்துக் காட்டினேன். ஒச்சம்மா, மகன் விஜயன், மருமகள் சித்ரா மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்ரா சிரித்தாள்.

அந்த சித்ரா அரைத்து விற்கிற மாவுதான் இப்போது என் தோசைக்கல்லில் கிடந்தது. கராச்சர்மாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் பதினோரு வீடுகளுக்கு அவள் மாவு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை வீடு வீடாக அறிமுகம் செய்துவைத்தவனும் நான்தான். நல்ல காரியம் செய்வதில் எனக்குக் குறைச்சல் இல்லை.

"என்னங்க, ஏதோ வாசம் வருதில்ல?" என்றாள் வைஜெயந்தி.

"ம்."

அவள் மாவுப் பாத்திரத்தில் மூக்கை வைத்தாள். "இதுலதான். பெட்ரோலா, மண்ணெண்ணெயா தெரியல. அவ புருஷன் ஆட்டோ ஓட்டுறான்ல? பெட்ரோல் கேனக் கொண்டாந்து கிரைண்டர் பக்கத்துல வெச்சிருப்பான். இவ கையக்கூடக் கழுவாம மாவ அள்ளிருப்பா."

"இருக்கும்" என்றேன்.

ஒரே சொல். இல்லை, அது தண்ணீர், நான் சரியென்று எழுதிக் கொடுத்த தண்ணீர் என்று சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. அவள் மாவை வாஷ்பேசினில் கொட்டிக் குழாயைத் திறந்து கழுவி முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. நான் தட்டைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ரொட்டி வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனேன்.

நான் திரும்பி வருவதற்குள் பெட்ரோல் கேன் கதை கீழ்வீட்டு நீலாவதி வரைக்கும் போயிருந்தது. சாயங்காலம் முதல் மாடி மண்டல் பௌதி, வங்காளத்து அம்மா, என்னைப் படியில் பார்த்து "ஈஸ்வரன் பாபு, பெட்ரோல் டோசா காயா?" என்று, பெட்ரோல் தோசை சாப்பிட்டாயா என்று இந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சூடு சொரணை உள்ளவன் அந்த இடத்தில் சிரித்திருக்க மாட்டான்.

புதன்கிழமைக்குள் பதினோரு வீடு இரண்டு வீடாகிவிட்டது. வியாழக்கிழமை நான் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து படுக்கையறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வைஜெயந்தி கதவைத் திறந்தாள். குரலைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது. நான் அப்படியே திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"அக்கா, புதுப் பாத்திரம் வாங்கிட்டேங்க" என்றாள் சித்ரா. "கிரைண்டர வெந்நி ஊத்தி மூணு தரம் கழுவுனேன். ஆட்டோவ வீட்டுப் பக்கமே விடுறதில்ல, ரோட்டுலயே நிறுத்தச் சொல்லிட்டேன். அவரு சட்டைய வெளியில கழட்டிட்டுத்தான் உள்ள வாறாரு. சாப்பாடும் வெளியிலதான் வெக்கிறேன். இந்தப் பாக்கெட்ட சும்மா வெச்சுப் பாருங்கக்கா. நல்லா இல்லாட்டி நான் வரவே மாட்டேன்."

"வேணாம் சித்ரா. பிள்ளைங்க இருக்கிற வீடு. தப்பா நெனைக்காத."

"தப்பா எதுவும் நெனைக்கலக்கா. நாத்தம் இருந்துச்சுன்னா சொல்லத்தானே செய்வீங்க. எனக்குத்தான் தெரியல. பழகின மூக்கு. சார் இருக்காங்களா? சாருக்கு எங்க வீடு தெரியும். நாங்க சுத்தமா இருக்கமா இல்லியான்னு சாரையே கேளுங்க."

வைஜெயந்தி திரும்பி அறைப் பக்கம் பார்த்தாள். சீலை இடுக்கில் என் முகம் அவளுக்குத் தெரிந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அவரு வெளிய போயிருக்காரும்மா" என்றாள்.

கதவு சாத்திய சத்தம் கேட்டு ஒரு நிமிடம் கழித்து நான் வெளியே வந்தேன். "ஏன் ஒளிஞ்சீங்க?" என்று வைஜெயந்தி கேட்டாள். அலுப்பாக இருந்தது என்றேன். "அவ போகும்போது வாசல்ல உங்க செருப்பப் பாத்துட்டுத்தான் போனா" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நாற்பத்து மூன்று வயதில், ஒரு மாவு விற்கிற பெண்ணுக்குப் பயந்து திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவன் என்ற நினைப்பை அன்று தூக்கம் வரும்வரை என்னால் உதற முடியவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று நான் ஆராயவே வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். கிணற்றில் நிற்கிற தண்ணீரை அப்படியே எடுத்து அனுப்பக் கூடாது. முதலில் மோட்டார் வைத்து இறைத்து வெளியே விட வேண்டும். பூமிக்குள்ளிருந்து புதிதாக ஊறி வருகிற தண்ணீரைத்தான் குப்பியில் பிடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது. முதல் தடவை அப்படித்தான் செய்தேன், அறுநூற்று நாற்பது வந்தது. இரண்டாம் தடவை 2023 மார்ச். குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்துகொண்டிருந்த காலம். நான் மோட்டாரை இறக்கியதும் ஒச்சம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், தண்ணிய எறச்சு ரோட்டுல விடாதீங்க. பாவம் தம்பி. நாத்தத் தண்ணியா இருந்தாலும் துணி அலசிக்குவோம், கக்கூசுக்கு ஊத்திக்குவோம். ஒரு போத்தல்தானே வேணும் உங்களுக்கு, மேலால மொண்டுக்கிட்டுப் போங்களேன்."

இந்தத் தீவில் கோடையைப் பார்த்தவன் யாரும் அந்த இடத்தில் மோட்டாரைப் போட மாட்டான். ஒச்சம்மா சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து, அங்கே ரப்பர் பால் வெட்டி, சுனாமியில் வீட்டை இழந்து இங்கே ஒதுங்கிய மனுஷி. அதன் எதிரே ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைச் சாக்கடையில் விட எனக்கு மனசு வரவில்லை. மேல்தண்ணீரை மொண்டேன். இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் கொடுத்தது, குடித்தேன். படிவத்தில் 'இறைத்த பின் எடுத்தது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். இரக்கப்பட்டுச் செய்ததுதான் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தடவை இரக்கம். அடுத்த ஏழு தடவையும் சோம்பேறித்தனம்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. குப்பியை இறக்குவதற்கு முன் நீர்மட்டத்தை நாடா போட்டு அளந்து எழுத வேண்டும். போன வருடம் மார்ச்சில் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் நாலு சிமெண்டு உறை தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. ஒச்சம்மா கிணற்றில் ஒரே ஒரு உறை. தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்தில் நின்றது. கிணற்று விளிம்பில் ஈரக் குழாய் ஒன்று கிடந்தது. நான் பார்த்தேன், அளந்தேன், என் கையால் எழுதினேன். ஏன் என்று கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அழகான கோடு போய்விடும் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மோட்டாரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு புரோத்ராபூர் போனேன். ஒச்சம்மா மட்டும் வீட்டில் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வியை இரண்டு வருடம் தாமதமாகக் கேட்டேன்.

"அம்மா, டேங்கர் வந்தப்ப தண்ணிய எதுல பிடிச்சு வெச்சீங்க?"

"எதுலன்னு வெக்கிறது தம்பி? எங்கிட்ட இருக்கிறது ரெண்டு டிரம்மு. அவன் பைப்பத் தூக்கிப் போட்டான்னா பத்து நிமிஷம் நிக்க மாட்டான், ஜல்தி ஜல்தின்னு கத்துவான். குடிக்க டிரம்முல பிடிச்சுக்கிட்டு மிச்சத்தக் கெணத்துலதான் விட்டோம். மழ நாள்ல கூரத் தண்ணியையும் அதுலதான் விடுறது. மத்த மூணு வீட்டுல சிமெண்டுத் தொட்டி இருக்கு, எங்களுக்கு ஏது." என்னை நிமிர்ந்து பார்த்தது. "நீங்க பாத்திருக்கீங்களே. ஒங்களுக்குத் தெரியுந்தானே."

ஏமாற்றுகிற எண்ணம் அதற்குத் துளியும் இல்லை. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறது. படித்தவன், மீட்டரும் பெட்டியுமாக வருகிறவன், கண்ணெதிரே கிடக்கிற குழாயைப் பார்க்காமலா இருப்பான் என்று நம்பியிருக்கிறது. நான் மோட்டாரைப் போட்டேன். அரை மணி நேரத்தில் அடி தெரிந்தது. நிறுத்திவிட்டு ஊற்று ஊறுவதற்குக் காத்திருந்தேன். ஊறி வந்த தண்ணீரை வாளியில் மேலே தூக்கும்போதே மூக்கில் அறைந்தது. லேபே தேவையில்லை. இரண்டு வருடமாக நான் அளந்தது பூமித் தண்ணீரை இல்லை, டேங்கர்க்காரன் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீரை. டேங்கர் நின்ற பிறகு, இவர்கள் ஊற்றி வைத்திருந்தது தீரத் தீர, அடியில் அப்படியே இருந்தது மெல்ல ஏறி வந்திருக்கிறது. மூன்று பேரும் அதைக் குடித்திருக்கிறார்கள். சித்ரா அதில் அரிசி ஊறவைத்து அரைத்திருக்கிறாள்.

"இனிமே இந்தத் தண்ணியத் தொடாதீங்கம்மா. குடிக்க, சமைக்க, எதுக்கும் வேணாம். ஏதோ கோளாறு ஆயிருக்கு. நான் டேங்கருக்குச் சொல்றேன்" என்றேன்.

"சரி தம்பி. தேத்தண்ணி போடவா? பக்கத்து வீட்டுல தண்ணி வாங்கியாறேன்."

ஏதோ கோளாறு. யாருடைய கோளாறு என்று அப்போதும் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த பத்து நாளில் நான் செய்ததை நினைத்து, உள்ளபடி சொன்னால், எனக்கு என் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது. இந்த வேலையை மேற்பார்க்கிற அரசாங்க ஆபீஸ் அதிகாரி ஜம்புலிங்கத்திடம் போய் நின்றேன். திருநெல்வேலிக்காரர், அடுத்த வருடம் ஓய்வு.

"ஏம்வே, எட்டு ரிப்போர்ட்லயும் நீதான கையெழுத்துப் போட்டிருக்க" என்றார். "இப்ப வந்து எல்லாம் தப்புன்னா, நாளைக்கு என்னைய என்ன கேப்பான்? கிணறு மறுபடி கெட்டுப்போச்சுன்னு எழுது. மழைல நீர்மட்டம் ஏறி இறங்கிச்சு, அதுல கலந்துட்டுன்னு எழுது. அப்படி நடக்கத்தான செய்யுது?"

நடக்கும். அப்படி எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். டேங்கரும் வந்துவிடும், என் வேலையும் இருக்கும். ஒரு ராத்திரி முழுக்க அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு சென்னை முடிவு வந்தது. இருநூற்றுப் பத்து. இரண்டு பக்கம் எழுதினேன். இறைக்காமல் எடுத்தேன், எட்டு தடவையும் பொய்யாக டிக் அடித்தேன், நீர்மட்டம் உயர்ந்திருந்ததைப் பார்த்தும் விசாரிக்கவில்லை, அந்தக் கிணற்றின் கோட்டில் முதல் புள்ளியைத் தவிர எதுவும் செல்லாது. கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கும், அரசாங்க ஆபீசுக்கும் அனுப்பினேன். மூன்றாம் நாள் டேங்கர் போனது. வீட்டு முன்னால் இரண்டாயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றும் வைத்துக் கொடுத்தார்கள். மூன்று பேரையும் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மே மாதத்தோடு என்னை நிறுத்திக்கொள்வதாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எதிர்பார்த்ததுதான். நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்தேன்.

வைஜெயந்தியிடம் ஒப்பந்தம் முடிகிறது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தின் நகலோடு ஒச்சம்மா வீட்டுக்குப் போனேன். என்னத்துக்காகப் போனேன்? மன்னிப்புக் கேட்க என்று சொல்லிக்கொண்டேன். பரவாயில்லை சார், வேலை போனாலும் உண்மையைச் சொன்னீங்களே என்று யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசையும் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

சித்ரா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஜயன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான், ரோட்டில். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேல்தண்ணீர், டிக், ஒரு உறை, தோசை, எதையும் விடவில்லை. முடித்துவிட்டுக் கடிதத்தை நீட்டினேன். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். இங்கிலீஷில் இருந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது ஆபீசுக்கு எழுதினது."

"ஆமா."

"அந்த ஞாயித்துக்கெழமயே தெரியுமா சார் ஒங்களுக்கு?"

"தெரியும்."

"டேங்கர் திரும்பி வர்ற வரைக்கும் ரெண்டு வாரம் நான் அவரோட பேசலங்க" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "நீதான் பெட்ரோலக் கொண்டாந்து என் பொழப்புல ஊத்துனேன்னு சொன்னேன். ஒக்காந்து சாப்பிட விடல, நாய்க்கு வெக்கிற மாதிரி வெளியில வெச்சேன். அந்த மனுசன் நான் என்ன செஞ்சேன்னு ஒரு வார்த்த கேக்காம சோப்புப் போட்டுப் போட்டுக் குளிச்சாரு."

நான் மன்னித்துக்கொள் என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"டேங்கர் வந்துருச்சு. தொட்டி வந்துருச்சு. அது ஒங்க ஆபீசு செய்ய வேண்டியது, செஞ்சிருச்சு. எம்பேரு கெட்டது ஆபீசுல இல்ல சார். ஒங்க கட்டடத்துல கெட்டுச்சு. சித்ரா வீட்டு மாவு நாறும்னு அந்தப் பதினோரு வீட்டுலயும் சொல்லிக்கிட்டிருக்காங்க. இப்ப ஆளுக்காளு சொல்லிக் கராச்சர்மா முழுக்கப் போயிருச்சு. அங்க வந்து சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்றேன்."

"நீங்க போயி சொல்லுவீங்கன்னு எப்படி நம்புறது? வீட்டுல இருந்துக்கிட்டே இல்லேன்னு சொல்லச் சொன்னவருதானே." குரலில் கோபம்கூட இல்லை. "நானும் வாறேன். நீங்க சொல்றத நான் கேக்கணும். மாமியும் கேக்கணுந்தான், ஆனா அதால படியேற முடியாது."

என் ஸ்கூட்டர் அங்கேயே நின்றது. விஜயன் ஆட்டோவில் அவள் பின்னால் உட்கார்ந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆபீசுக்கு எழுதியபோது என் எதிரே ஒரு காகிதம்தான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை போகும் என்று தெரிந்தும் எழுதிவிட்டேனே என்று பெருமைப்பட்டேன். தெரிந்த முகங்களுக்கு முன்னால் நின்று இதைச் சொல்வதைவிட வேலையை விடுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

கட்டடத்தில் முதல் வீடு நீலாவதி. கையில் டிவி ரிமோட்டோடு வந்து கதவைத் திறந்தாள். "சித்ராவோட மாவுல ஒரு குறையும் இல்ல. கிணத்துத் தண்ணியில பெட்ரோல் இருந்துச்சு. அது நல்ல தண்ணின்னு சொன்னது நான். தப்பாப் பரிசோதனை பண்ணினேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். நீலாவதி என்னையும் சித்ராவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓ, அப்படியா என்றாள்.

"அந்த பெட்ரோல் கேனு?" என்று சித்ரா என் பின்னாலிருந்து கேட்டாள்.

"கேன் எதுவும் கெடையாது. அது நாங்களாச் சொன்னது. எனக்கு அப்பவே தெரியும், தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

நீலாவதியின் முகம் மாறியது. அந்த மாற்றத்தை நான் நின்று பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த வீட்டிலும் அதே மாற்றம். முதல் மாடியில் மண்டல் பௌதியிடம் என் ஓட்டை இந்தியில், மாவு நன்றாகத்தான் இருந்தது, தண்ணீர் கெட்டது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் புரியாமல் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். புரிந்ததும் என்னை விட்டுவிட்டுச் சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு கதவாகப் போகப் போக வாய்க்கு வார்த்தை பழகிவிடும் என்று நினைத்திருந்தேன். பழகவில்லை. ஒரு வீட்டில் நான் வேகமாகச் சொல்லிவிட்டு நகரப் பார்த்தபோது, "மெதுவாச் சொல்லுங்க சார், அவங்களுக்கு வெளங்கல" என்றாள் சித்ரா. முதலிலிருந்து சொன்னேன்.

இரண்டாம் மாடியில் முதல் வீடு என் வீடு. வைஜெயந்தி சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து ஏற்கெனவே வெளியே நின்றிருந்தாள். கீழ்மாடியில் பேசியது பாதி காதில் விழுந்திருக்கும். அவளுக்கும் சொன்னேன். மற்றவர்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகளில்தான் சொல்ல முடிந்தது.

"தோசை ஊத்துனப்பவே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"இவ வந்து நின்னப்போ?"

"தெரியும்."

"அப்ப என்னைய வெச்சு இவ மூஞ்சிக்கு நேரே பொய் சொல்ல வெச்சிருக்கீங்க."

பதினாறு வருடத்தில் அவள் என்னை எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவள் கண்ணில் நான் அவளுடைய ஆள். இப்போது பார்த்த பார்வையில் அது இல்லை. அவள் சித்ராவின் பக்கம் திரும்பினாள்.

"கேன் கதைய மொதல்ல சொன்னது நான்தான் சித்ரா. உள்ள வாம்மா. வந்து ஒக்காரு."

"இல்லக்கா" என்றாள் சித்ரா. "இந்த மாடியில ரெண்டு வீடு, மேல மூணு வீடு இருக்கு. முடிச்சிட்டுப் போயிர்றோம்."

சொல்லிவிட்டு அடுத்த கதவுக்கு முன்னால் போய் எனக்காக நின்றாள். வைஜெயந்தி உள்ளே போகவில்லை. நான் சொல்வதைக் கேட்பதற்காக அவளும் வந்து சித்ராவுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் போய் மணியை அடித்தேன்.